இடது லென்ஸில் ஒரு கறை

ஆகாயத்தில் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதுதான் தணிகாசலத்துக்கு இந்த விமான விளையாட்டில் முதலில் பிடித்த விஷயம். ஓடுபாதை தேடி, இன்ஜினைச் சூடேற்றி, யாரிடமோ அனுமதி கேட்டு என்று எந்த வில்லங்கமும் கிடையாது. வி.ஆர். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, பின்பட்டையை இறுக்கி, வரைபடத்தில் ஜோலார்பேட்டை மேல் ஒரு தட்டுத் தட்டினால் போதும், சாப்பிட்ட ரசத்தின் ஏப்பம் அடங்குவதற்குள் தன் வீட்டுக்கு மேலேயே பறந்துகொண்டிருப்பான். அப்படித்தான் இப்போதும் பறந்துகொண்டிருந்தான். கீழே ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை தெரிந்தது. செயற்கைக்கோள் என்றைக்கோ எடுத்த பழைய படம், அதனால் போன வருஷம் வெட்டிப்போட்ட வேப்பமரம் அங்கே இன்னும் பச்சையாக நின்றது. அந்தக் கூரைக்கு அடியில் ஒரு படுக்கையறை, அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் லுங்கியும் பனியனுமாக முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐம்பது வயது ரயில் டிரைவர் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மேலேயிருந்து நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. சில நாட்களாகவே எதுவும் வருவதில்லை. மகள் புனேவிலிருந்து பேசினால் பேசுகிறான், மனைவி மேகலா கருவாட்டுக் குழம்பு வைத்தால் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்கிறான். எல்லாம் பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் மாதிரி தள்ளியே நடக்கிறது. ஆறரைக்கு டூட்டி. அது வரைக்கும் பறக்கலாம். கறை இருந்தது, இடது பக்கம், அதே இடத்தில், கண்ணாடியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி. அதைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தான்.

தண்டவாளம் கீழே வெள்ளிக் கம்பியாகத் திருப்பத்தூர் பக்கம் போனது. ஊரில் எல்லோருக்கும் ரயில் டிரைவர் என்றால் வண்டியைத் திருப்புகிறவன் என்று ஒரு நினைப்பு. சொந்தத் தங்கச்சி புருஷனே ஒருமுறை, இவ்வளவு பெரிய வண்டியை எப்படி மச்சான் வளைக்கிறீங்க என்று கேட்டிருக்கிறான். எங்கே வளைப்பது, ஸ்டியரிங்கே கிடையாது. போட்ட பாதையில் போகலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். இத்தனை வருஷ சர்வீஸில் இடது வலது என்று ஒரு முறையாவது அவன் கையில் இருந்ததா என்றால் இல்லை. அதனால்தான் மகள் இந்தப் பெட்டியையும் ஜாய்ஸ்டிக்கையும் வாங்கி அனுப்பி, அப்பா இது பொழுது போகும் என்று சொன்னபோது, முதல் நாள் முழுக்க அவன் வெறுமனே திரும்பிக்கொண்டே இருந்தான். இடது, வலது, மறுபடி இடது. ஏலகிரியைச் சுற்றி ஒரு வட்டம். பெரிய மனிதன் செய்கிற வேலையா அது? ஆனால் செய்தான். இன்னொன்றும் இருந்தது, அதை மேகலாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆகாயத்தில் யாரும் குறுக்கே வந்து நிற்பதில்லை. இதோ சாமல்பட்டி வந்துவிட்டது, அந்த வளைவு, அந்தப் பனைமரங்கள். படத்தில் ஆள் கிடையாது. நிஜத்தில் ஒரு நாள் இருந்தான். கட்டம் போட்ட சட்டை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி தண்டவாளத்தில் ஏறி நின்றான். தூரத்திலேயே பார்த்தாயிற்று. இரண்டு கண்ணாலும் பளிச்சென்று பார்த்தாயிற்று. ஹாரன் அடித்து, அவசர பிரேக் போட்டு, அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாயிற்று. சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆனது? பார்த்ததால் ஒரு உயிர் தப்பியதா? இல்லையே. அப்படியானால் கண் எதற்கு? இந்த இடத்துக்கு வந்ததும் அவனுக்கே தன் யோசனை போகிற போக்கு பிடிபட்டது. கண் எதற்கு என்று ஒரு டிரைவர் கேட்க ஆரம்பித்தால் எங்கேயோ கோளாறு. ஆள் வேறு, சிக்னல் வேறு. ஆளைப் பார்த்தாலும் ரயில் நிற்காது, சிக்னலைப் பார்த்தால் நிற்கும். ஜாய்ஸ்டிக்கை லேசாக இழுத்து மேலே ஏறினான். பித்தான் கீழே போய்விட்டது.

கறைக்கு வருவோம் என்று மனசு சொன்னது. வரவேண்டாம் என்று இன்னொரு பக்கம் சொன்னது. முதலில் அதைத் தூசு என்றுதான் நினைத்தான். கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தான், பனியன் நுனியால் துடைத்தான், வாயால் ஊதித் துடைத்தான். கடைக்காரன் கொடுத்த ஏதோ திரவம் விட்டுத் துடைத்தான். போகவில்லை. கறை மட்டுமல்ல, கறையின் ஓரத்தில் நேர்க்கோடெல்லாம் நெளிந்தது. ஓடுபாதையின் விளிம்பு கம்பளிப்பூச்சி மாதிரி வளைந்து போனது. கம்பெனிக்குப் போன் பண்ணிக் கத்தினான். வாழ்நாளில் டீக்கடையில்கூடக் குரல் உயர்த்தாதவன், லென்ஸ் விஷயத்தில் அப்படிக் கத்தினான். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் வேறு ஒன்று அனுப்பினார்கள். புதுசு, கவர் பிரிக்காதது. மாட்டினான். இடது பக்கம், அதே இடம், அதே கட்டைவிரல். அன்றைக்கு மேகலா தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல், இவன் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு ஓட்டத் தெரியல, அதுக்கு அந்தப் பெட்டி இன்னா பண்ணும் பாவம்?" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் இந்தப் பெட்டிக்கு வைத்திருக்கிற பேரே குதிரை மறைப்பு. ஜட்கா வண்டிக் குதிரைக்கு ரெண்டு பக்கமும் கட்டுவாங்களே, அந்த மாதிரி. பொண்டாட்டி கூப்பிடுறது தெரியக்கூடாதுன்னு கட்டிக்கிறது என்பாள். "இங்க வா, நீ ஒரு தடவ மாட்டிப் பாரு" என்று அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காபி குடு என்று சொல்லிவிட்டான். இன்று காலையில் கம்பெனிப் பையன் மறுபடி போன் செய்தான். பொறுமைசாலி, சார் சார் என்றே பேசினான். "சார், ஒண்ணு பண்ணுங்க. தலையில மாட்டாம, கையால தலைகீழா பிடிச்சு கண்ணுகிட்ட வச்சுப் பாருங்க. கறை வலது பக்கம் மாறிச்சுன்னா மெஷின்தான், நாங்க பாத்துக்கறோம். மாறலன்னா..." என்று நிறுத்தினான். மாறலன்னா என்ன என்று இவன் கேட்கவில்லை. மத்தியானம் பாத்துட்டுச் சொல்றேம்பா என்று வைத்துவிட்டான். மத்தியானம் வந்துவிட்டது. வந்த மத்தியானத்தில் இவன் மொரப்பூருக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறான்.

மொரப்பூர் தாண்டினால் பொம்மிடி. பொம்மிடி வேண்டாம் என்று திரும்பிவிடலாம், இதில்தான் திரும்ப முடியுமே. ஆனால் கை திரும்பவில்லை, பழக்கம், பாதையிலேயே போனது. ஜெனிட்டா. அவனுக்கு உதவி டிரைவர், நாகர்கோவில் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். இவன் இடது ஜன்னலோரம், அவள் வலது ஜன்னலோரம். சிக்னல் கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் கையை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும், இவன் தானும் பார்த்துவிட்டுக் கையை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். க்ரீன் என்றால் க்ரீன். எல்லோ என்றால் எல்லோ. பார்க்கிறவர்களுக்குக் கோயிலில் நாமாவளி சொல்கிற மாதிரி இருக்கும். இரண்டு வாயும் இரண்டு ஜோடிக் கண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அன்றைக்குப் பொம்மிடி ஹோம் சிக்னல், ஸ்டேஷனுக்குள் நுழையலாமா என்று சொல்கிற சிக்னல். நல்ல பகல். ஜெனிட்டா கையை நீட்டி, "ஹோம் சிக்னல் எல்லோ" என்றாள். இவன் கையை நீட்டி, "ஹோம் சிக்னல் எல்லோ" என்றான். பிரேக் மேல் கை போய்விட்டது. அப்புறம் அவள், மெதுவாக, "சாரி சார். க்ரீன்" என்றாள். "க்ரீன்" என்றான். க்ரீன்தான். கிட்டே வந்தபின் தெரிந்தது, பச்சைப் பசேலென்று பச்சை. சேலத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து, கேட்காமலேயே பாதிப் புட்டை இவன் மூடியில் வைத்தாள். அந்தப் புட்டுத்தான் தொண்டையில் இன்னும் நிற்கிறது. அவள் தவறிச் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா? தவறிச் சொன்னால் அது அவள் பிழை, மன்னித்துவிடலாம், மனுஷிதானே. தெரிந்து சொன்னாள் என்றால்? தெரிந்து சொன்னவள் ஏன் க்ரீனை எல்லோ என்றாள், எல்லோவை க்ரீன் என்று சொல்லவில்லை? ஏனென்றால் மஞ்சளில் வேகத்தைக் குறைக்காமல் போனால் ஆபத்து. யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். இல்லை, வெயில் எதிரே இருந்தது, தவறிவிட்டாள். வெயில் எதிரே இல்லை, பின்னால் இருந்தது. இந்த வட்டம் ஏலகிரி வட்டத்தைவிடப் பெரியது, எத்தனை சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. இவன் சிக்னலைப் பார்க்கவில்லை. அவள் குரலைத் திருப்பிச் சொன்னான். எத்தனை நாளாக அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அவனுக்கே தெரியவில்லை.

லோக்கூர் மலைப்பாதை கீழே பச்சையும் பழுப்புமாக நகர்ந்தது. இடது பக்கம் ஏற்காட்டு மலை இருக்க வேண்டும், இருந்தது, நடுவில் மட்டும் ஒரு கவளம் எடுத்த மாதிரி இல்லை. ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்ப்பது எவ்வளவு நேர வேலை? பச்சைப் பிள்ளைகூடச் செய்யும். அதை அவன் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறான் என்பது யாருக்கும் தெரியாது. முகம் கழுவும்போது இரண்டு கண்ணையும் சேர்த்து மூடி, சேர்த்தே திறக்கிறான். ஒருக்களித்துப் படுத்தால் வலது கண் தலையணையில் புதையும் என்று மல்லாந்தே படுக்கிறான். கண்ணில் தூசு விழுந்தால் விழுந்தபடி விட்டுவிடுகிறான். தண்டவாளம் நெளிந்தால் வெயில் என்றான், சித்திரை வெயிலில் எல்லாம்தான் நெளியும். அடுத்த வாரம் மெடிக்கல் வருகிறது. அட்டையைக் கொடுத்து ஒரு கண்ணை மறை, படி என்பார்கள். கடைசி வரி எழுத்துகள் அவனுக்கு மனப்பாடம். போன தடவையே மனப்பாடம் ஆகிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது. ஒப்பித்துவிடலாம். ஒப்பித்துவிட்டால்? அப்புறமும் ஜெனிட்டா சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ரிட்டயர்மெண்ட் வரைக்கும் போய்விடலாம். ஒப்பிக்காவிட்டால் ஏழுமலை கதி. ஏழுமலையும் டிரைவர்தான், சிங்கம் மாதிரி ஓட்டியவன். கண்ணில் ஏதோ என்று தரம் இறக்கினார்கள். இப்போது லாபியில் உட்கார்ந்து, டூட்டிக்கு வருகிற டிரைவர்களிடம் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற மெஷினை நீட்டி, ஊது என்கிறான். நண்பர்களைப் பார்த்துத்தான் சொல்கிறான். முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான். இன்று ஆறரைக்கு இவனும் போய் ஊத வேண்டும். ஊதினால் ஒன்றும் காட்டாது. அந்த மெஷினுக்குத் தெரிந்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். பயமாக இருந்ததா என்றால், இல்லை. அதுதான் பயமாக இருக்க வேண்டிய விஷயம் என்று மட்டும் தெரிந்தது.

சேலத்து விமான நிலையமான காமலாபுரத்தின் ஓடுபாதை எதிரே வந்தது. இறங்குகிற இடத்தில் ஓடுபாதைக்கு இடது ஓரமாக நாலு விளக்கு உண்டு. ரயிலுக்கு சிக்னல் இடது பக்கம், விமானத்துக்கும் இடது பக்கம், உலகத்தில் எல்லோரும் கூடிப் பேசி இடது பக்கமே வைத்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நாலும் வெள்ளை என்றால் ரொம்ப மேலே, நாலும் சிவப்பு என்றால் தரை கிட்டே வந்துவிட்டது, ஏறு என்று அர்த்தம். தணிகாசலம் அந்த விளக்குகளைத் தேடினான். வலது கண் ஒன்று சொன்னது, இடது கண் ஒன்றும் சொல்லவில்லை, நடுவில் நின்ற மனசு இரண்டு பக்கமும் சமாதானம் பேசி ஏதோ ஒரு தீர்ப்புச் சொன்னது. கை தானாக நீண்டது. "ரெண்டு வெள்ள, ரெண்டு செவப்பு" என்றான், உரக்க, காலி வீட்டில். சொன்னபிறகுதான் கவனித்தான், சொல்வதற்கு முன் ஒரு கணம் காத்திருந்தான். யாராவது முதலில் சொல்வார்கள் என்று காத்திருந்தான். வலது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரும் சொல்லவில்லை என்பதால் அவனே, வழக்கமாக என்ன இருக்குமோ அதைச் சொல்லிவிட்டான். சோளக்காடு ஒன்று விறுவிறுவென்று மேலே ஏறி வந்தது. விளக்குகள் வலது கண்ணில் பளிச்சென்றன. நாலும் சிவப்பு. இழுத்தான். சத்தம் வந்தது, தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி, அவ்வளவுதான், அப்புறம் இருட்டு. இருட்டில் மரியாதையாக ஒரு வாசகம் வந்தது, விமானம் சேதமடைந்தது, மறுபடி தொடங்கவா என்று. அவன் ஒரு பட்டனை அழுத்தினான். ஓடுபாதையின் தொடக்கத்தில், கீறல் இல்லாத அதே விமானத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தான். செத்தவனுக்கு இவ்வளவு சுலபமாக மறுபடி இருக்கை கொடுக்கிற இடம் இது ஒன்றுதான். பின்னால் ரயில் கிடையாது, ரயிலுக்குள் ஆள் கிடையாது, மேல் பர்த்தில் தூங்குகிற குழந்தை கிடையாது. ஆறரைக்குப் பின் எல்லாம் உண்டு.

ஹெட்செட்டைக் கழற்றினான். நெற்றியில் வியர்வை பட்டையாக ஒட்டியிருந்தது. அறை வழக்கம்போல இருந்தது, கொடியில் மேகலாவின் புடவை, ஸ்டூலில் தண்ணீர்ச் செம்பு, சுவரில் மகளின் பட்டமளிப்பு போட்டோ. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினான். பட்டை முன்னால் வந்து தொங்கி மூக்கில் இடித்தது, அதை விலக்கினான். இப்போதும் வைத்துவிடலாம். கம்பெனிப் பையனுக்கு, மாறிடுச்சுப்பா, வேற அனுப்பு என்று சொல்லிவிடலாம். மூன்றாவதும் அனுப்புவார்கள். கண்ணருகே கொண்டுபோனான். தலைகீழாகப் பிடித்தால் உலகமும் தலைகீழாகத் தெரியும் என்று நினைத்திருந்தான், அதற்கு ஒருமாதிரி தயாராகக்கூட இருந்தான். தெரியவில்லை. ஆள்தான் கவிழ்ந்துவிட்டான் என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டது போல, வானத்தை மேலேயே வைத்திருந்தது, ஓடுபாதையைக் கீழேயே வைத்திருந்தது, புல் புல்லாகவே இருந்தது. இப்போது இடது கண்ணுக்கு எதிரே இருப்பது வலது லென்ஸ். துடைத்துத் துடைத்து ஓய்ந்த லென்ஸ் வலது பக்கம் போய்விட்டது. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. கறை இடது பக்கமே இருந்தது. கட்டைவிரல் வைத்து அழுத்திய அதே இடத்தில், அதே அளவில். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மரத்த காலில் சுருசுருவென்று உயிர் வருமே, அந்த மாதிரி ஒன்று நெஞ்சில் வந்தது. பயம்தான். இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை, ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிவிட்டது. பெட்டியைக் கட்டில் மேல் வைத்தான். போன் அடித்தது.

"சார், ஜெனிட்டா பேசுதேன். இன்னிக்கு உங்க கூடத்தான் போட்டிருக்காங்க, ஆறரைக்கு. சாப்பாடு நான் ரெண்டு பேருக்கும் எடுத்துட்டு வாறேன். மேகலா அக்காவ சிரமப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஜெனிட்டா."

"சொல்லுங்க சார்."

"அன்னிக்குப் பொம்மிடி ஹோம்ல எல்லோன்னு சொன்னீங்களே. தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் நடந்து போய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஆமா சார்" என்றாள். "உங்கள மட்டம் தட்டணும்னு இல்ல சார், சத்தியமா. நீங்க கொஞ்ச நாளா வலது கண்ண முன்னால கொண்டு வாறதுக்குக் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ரெண்டு புள்ள வச்சிருக்கேன். பின்னால அவ்வளவு பேரு உக்காந்திருக்காவ. யாருகிட்டயும் சொல்லல சார். இன்னிக்கு இன்ஜின்ல ஏறுததுக்கு முன்னாடி உங்ககிட்டயே கேட்டுரணும்னு இருந்தேன். கேக்கத் தைரியம் வராதுன்னுதான் சாப்பாட்டுப் பேச்ச எடுத்தேன்."

"நான் இன்னிக்கு வரல. லாபிக்குப் போன் பண்ணி வேற ஆளப் போடச் சொல்லிடறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட நானே போறேன்."

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தான். அழவில்லை, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்ஜினில் சொல்கிற அதே குரலில், உரக்க, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னாள்.

"இடது கண்ணு."

தணிகாசலத்தின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. நீண்ட கையை மடக்கி வலது கண்ணைப் பொத்தினான். எதிர்ச் சுவரில் மகளின் போட்டோ இருந்தது, கறுப்பு அங்கி இருந்தது, கையில் சுருட்டிய காகிதம் இருந்தது. முகம் இல்லை.

"இடது கண்ணு" என்றான். இந்த முறை பார்த்துவிட்டுச் சொன்னான்.